டிரில் வாத்தியார் முதல் கோச் வரை – நம்ம பக்கத்து உடற்கல்விக் கதை

"சார், கிரவுண்டைப் பத்தி நீங்கதான் எழுதணும்" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். விசில் ஊதிப் பழகியவனுக்குப் பேனா பிடிப்பது கொஞ்சம் சிரமம்தான். ஆனாலும் நம் கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு, பிறகு சென்னைக்குப் போய் உடற்கல்வி படித்து, சேலம் – நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளிலும் கல்லூரியிலும் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த இரண்டு படிப்பையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு கட்டுரை எழுதலாமே என்று தோன்றியது. அதன் விளைவுதான் இது.

ஒரு கேள்வியை முதலிலேயே வைத்துவிடுகிறேன். என் பணிக்காலம் முழுவதும் நான் கேட்ட கேள்வி அது. ஏதோ ஒரு பையன் நன்றாக ஆடுவான். ப்ளஸ் டூ முடித்ததும் "உடற்கல்வி படிக்கிறேன்" என்பான். மறுநாள் அவன் அப்பா வந்து நிற்பார். "ஏனுங்க சார், பையன் நல்லாத்தான் ஆடறானுங்க. ஆனா ஓடறதுக்கும் ஆடறதுக்கும் ஒரு படிப்புங்களா? அதைப் படிச்சுட்டு என்ன பண்றதுங்க?" பெண் பிள்ளை என்றால் இந்தக் கேள்வி இரண்டு மடங்கு கனமாக வரும். கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. தறி ஓட்டியும் லாரி ஓட்டியும் சம்பாதித்த காசில் படிக்க வைப்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமென்றால், இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டிரில் மாஸ்டர் காலம்

நம் ஊர்களில் உடற்பயிற்சி இல்லாமல் இருந்த காலம் என்று ஒன்று கிடையாது. சிலம்பம், கர்லாக் கட்டை, தண்டால், பஸ்கி, சடுகுடு எல்லாம் பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பே இங்கே இருந்தவை. சொல்லிக்கொடுக்க வாத்தியார் இருந்தார். ஆனால் அது குரு – சிஷ்யன் வழியில் போன வித்தை. பாடப் புத்தகமும் பரீட்சையும் அதற்குக் கிடையாது.

வெள்ளைக்காரன் காலத்துப் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தது 'டிரில்'. பெரும்பாலும் பட்டாளத்தில் இருந்து திரும்பி வந்தவர்களே டிரில் மாஸ்டர்கள். "அட்டென்ஷன்", "ஸ்டாண்டடீஸ்", "லெப்ட் – ரைட்" என்று ஆங்கிலத்தில் கட்டளை. காலை மணி அடித்ததும் பையன்களை வரிசையில் நிறுத்துவது, குறும்பு செய்தவனுக்குப் பிரம்படி கொடுப்பது, சுதந்திரத்துக்குப் பின் கொடியேற்றும் நாளில் அணிவகுப்பு நடத்துவது – இதுவே அவர் வேலையாகப் போய்விட்டது. பாவம், அவர் மேல் குற்றமில்லை. அவரிடம் அதைத்தான் கேட்டார்கள். உடம்பு எப்படி வேலை செய்கிறது, பத்து வயசுப் பையனுக்கு எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்பதெல்லாம் அன்றைக்கு யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. 'டிரில் வாத்தியார்னா பயம்' என்ற எண்ணம் மட்டும் மூன்று தலைமுறைக்கு நிலைத்துவிட்டது.

இதே காலத்தில் ஐரோப்பாவில் நிலைமை வேறு. ஜெர்மனியில் யான் என்பவர் 1811ல் பெர்லின் பக்கத்தில் திறந்தவெளி உடற்பயிற்சிக் களம் அமைத்தார். ஸ்வீடனில் லிங் என்பவர் 1813ல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான் 1891 டிசம்பரில் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். நான்கு வருடம் கழித்து, 1895ல், பக்கத்திலிருந்த ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் மார்கன் என்பவர் வாலிபாலைக் கண்டுபிடித்தார். இன்றைக்கு நம்ம பக்கத்தில் கிராமத்துக்குக் கிராமம் இரண்டு கம்பம் நட்டு வலை கட்டியிருக்கிறார்களே, அந்த ஆட்டம் ஒரு உடற்கல்வி ஆசிரியர் யோசித்து உண்டாக்கியது என்பதை நம் மாணவர்கள் எத்தனை பேர் அறிவார்கள்?

பக் துரை போட்ட விதை

அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1919ல் இந்தியாவுக்கு வந்தார். 1920ல் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பின்னால் நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்தது. ஆசியாவிலேயே இவ்வகையில் முதல் கல்லூரி என்று சொல்லப்படுவது. நம் தமிழ்நாட்டில் தொடங்கியது என்பதில் நாம் பெருமைப்படலாம்.

பக் செய்த காரியங்களில் இரண்டை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். ஒன்று, 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியைப் பொறுப்பேற்று அழைத்துப் போனவர் அவர். ஒலிம்பிக் என்ற பெயரே பலருக்குத் தெரியாத காலம் அது. இரண்டு, விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். கேட்பதற்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு அளவில் கோடு போட்டு, ஒவ்வொரு விதமாகப் பாயிண்ட் எண்ணிக்கொண்டிருந்தால் இரண்டு ஊர்க்காரர்கள் சண்டை இல்லாமல் விளையாட முடியாது. விதி ஒன்றானால்தான் மாவட்டப் போட்டி, மாகாணப் போட்டி என்பதெல்லாம் வரும். 1943ல் பக் காலமானபோது, அவரிடம் படித்தவர்கள் தென்னிந்தியா முழுக்கப் பள்ளிகளில் பரவியிருந்தார்கள். டிரில் மாஸ்டர் இருந்த இடத்தில் 'பிசிகல் டைரக்டர்' வந்தது இப்படித்தான்.

இதெல்லாம் வெளிநாட்டான் கொண்டுவந்தது மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். மகாராஷ்டிரத்து அமராவதியில் 1914ல் தொடங்கிய ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல், நம் நாட்டு உடற்பயிற்சிகளை முறைப்படுத்திச் சொல்லிக்கொடுத்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அந்த மண்டலத்தார்தான் அங்கே கபடி ஆடிக் காட்டினார்கள். நம்ம சடுகுடுவின் அண்ணன் தம்பி ஆட்டம் அன்றைக்கே ஜெர்மனி வரை போய்விட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு

சுதந்திரம் கிடைத்த பிறகு மூன்று பெரிய மாற்றங்கள் நடந்தன.

முதல் மாற்றம், உடற்கல்வி பட்டப்படிப்பானது. 1857 புரட்சியின் நூற்றாண்டில், 1957 ஆகஸ்டில், குவாலியரில் ராணி லட்சுமிபாய் பெயரில் தேசிய உடற்கல்விக் கல்லூரி திறக்கப்பட்டது. மூன்று வருடப் பட்டப்படிப்பு. அதுவரை ஏதாவது பட்டம் வாங்கிவிட்டு அதற்கு மேல் ஒரு வருடம் படிக்கிற டிப்ளமாதான் வழக்கம். உடற்கல்வியே ஒரு முழுப் பாடமாக நிற்க முடியும் என்று காட்டியது குவாலியர்.

இரண்டாவது மாற்றம், 'ஆசிரியர்' வேறு, 'கோச்' வேறு என்று பிரிந்தது. 1961 மே மாதம் பாட்டியாலாவில், மகாராஜாவின் மோதிபாக் அரண்மனையில், தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கியது. 'என்.ஐ.எஸ். கோச்' என்ற பெயர் நம் காதில் விழ ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். உடற்கல்வி ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா விளையாட்டையும் சொல்லிக்கொடுப்பவர். கோச் ஒரே விளையாட்டில் ஆழமாகப் போய், திறமை உள்ளவனை உச்சிக்குக் கொண்டுபோகிறவர். இவர் இல்லாமல் அவர் இல்லை. அவர் இல்லாமலும் இவர் இல்லை. பி.டி. உஷாவை எல்லோருக்கும் தெரியும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு விநாடியில் பதக்கத்தை இழந்தவர். அவரை உருவாக்கிய நம்பியார், பாட்டியாலாவில் கோச்சிங் படித்தவர். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது 1985ல் தொடங்கியபோது முதல் வரிசையிலேயே அதைப் பெற்றவர்.

மூன்றாவது மாற்றம், அரசாங்கம் உள்ளே வந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்குப் பின் 1984ல் இந்திய விளையாட்டு ஆணையமும், 1992ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் உருவாயின. விளையாட்டு ஹாஸ்டல், மாவட்ட கோச் என்பதெல்லாம் வந்தது. 2005ல் உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் என்றே தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகம் வந்தது.

நம்ம பக்கத்தை எடுத்துக்கொண்டால் 1997 ஒரு முக்கியமான வருடம். ஜனவரி 1ஆம் தேதி சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. செப்டம்பரில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதற்கு முன்பு நாமெல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவர்கள்தானே! யுனிவர்சிட்டி டீமில் இடம் வேண்டுமென்றால் மெட்ராஸ் பையன்களோடு மோதித்தான் வாங்க வேண்டும். தேர்வுக்குப் போக ராத்திரி பஸ்ஸிலோ ரயிலிலோ தூங்காமல் போய், காலையில் கிரவுண்டில் இறங்கி ஓடியவர்களை எனக்குத் தெரியும். பல்கலைக்கழகம் நம் ஊருக்கே வந்ததும், யுனிவர்சிட்டி டீம் என்பது ஓமலூர் பையனுக்கும் ராசிபுரம் பெண்ணுக்கும் எட்டக்கூடிய விஷயமாயிற்று. பிற்பாடு நாமக்கல்லிலேயே உடற்கல்விக் கல்லூரியும் வந்தது. 2015க்குப் பிறகு பி.பி.எட். இரண்டு வருடப் படிப்பானது.

அப்படி என்னதான் படிக்கிறார்கள்?

"ஓடறதுக்கு ஒரு படிப்புங்களா?" என்ற கேள்விக்கு வருகிறேன். ஓடுவதற்கு இல்லை, ஓட வைப்பதற்குப் படிப்பு வேண்டும்.

ஒரு உதாரணம். 400 மீட்டர் டிராக் போடுவது. சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டே சுற்றி வந்தால் டிராக் ஆகிவிடாது. இரண்டு நேர்க்கோடுகள், ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். இரண்டு அரைவட்டங்கள், ஆரம் 36.50 மீட்டர். ஆனால் ஓடுகிறவன் கோட்டின் மேலேயே ஓடமாட்டான் என்பதால் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, 36.80 என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும். வளைவுகள் இரண்டும் சேர்ந்து 231.22 மீட்டர் வரும். நேர்க்கோடுகள் 168.78. கூட்டினால் 400. ஒரு லேன் 1.22 மீட்டர் அகலம். இரண்டாவது லேனில் ஓடுகிறவன் அதிக தூரம் சுற்றுவதால் அவனை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். இந்தக் கணக்கு தப்பினால், ஜெயிக்க வேண்டியவன் தோற்பான். பத்தாம் வகுப்புக் கணக்கில் ஃபெயிலாகிறவன் என்று கேலி செய்யப்பட்ட எத்தனையோ பையன்கள், கயிறும் டேப்பும் கையில் வந்ததும் இந்தக் கணக்கைத் தப்பில்லாமல் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இதோடு உடற்கூறு, உடலியங்கியல், அசைவியல், உளவியல், சத்துணவு, முதலுதவி எல்லாம் பாடம். பயிற்சி செய்யும்போது தசை பலமாவதில்லை. பயிற்சிக்குப் பின் ஓய்வெடுக்கும்போதுதான் பலமாகிறது. இந்த ஒரு உண்மை தெரியாமல் தினமும் பிள்ளைகளை வதைத்து, பதினேழு வயசிலேயே முழங்கால் போன வீரர்கள் நம் பக்கத்தில் நிறைய. அதே மாதிரி, நம் சமவெளியின் வெயில். ஏப்ரல், மே மாதத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல் மைதானத்தில் ஓடவிட்டால் உடம்பின் நீரும் உப்பும் வற்றிப்போகும். எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் கோச்.

இன்னொரு உதாரணம், உயரம் தாண்டுதல். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி என்ற அமெரிக்கக் கல்லூரி மாணவர் முதுகைக் கம்பிக்குக் காட்டித் தாண்டி, 2.24 மீட்டரில் தங்கம் வாங்கினார். உலகமே அந்த முறைக்கு மாறிவிட்டது. ஆனால் அப்படித் தாண்டினால் முதுகும் கழுத்தும்தான் முதலில் கீழே விழும். அதற்குக் கனமான ஃபோம் மெத்தை வேண்டும். நம் பள்ளிகளில் இருந்ததோ மணல் குழி. மணலில் முதுகு போட்டு விழச் சொன்னால் பிள்ளை ஆஸ்பத்திரிக்குத்தான் போவான். ஆகவே நம் பிள்ளைகள் பழைய முறையிலேயே தாண்டினார்கள். திறமைக் குறைவு என்று நாம் எண்ணியது பல நேரங்களில் மெத்தைக் குறைவுதான்.

பெரியவடகம்பட்டியும் சின்னப்பம்பட்டியும்

இந்த இரண்டு ஊர்ப் பெயரும் இன்று உலகம் அறிந்தவை. இரண்டும் சேலம் மாவட்டத்துக் கிராமங்கள்.

பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 1995ல் பிறந்தவர். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போனது. அம்மா காய்கறி விற்றும் கூலி வேலை செய்தும் வளர்த்தார். பள்ளியில் படிக்கும்போது அவருக்குள் ஒரு தாண்டுபவர் இருப்பதைக் கண்டுபிடித்தது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பதினான்கு வயதில், இரண்டு காலும் நன்றாக உள்ள பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார். பிறகு பெங்களூரு கோச் சத்யநாராயணா அவரை எடுத்துப் பயிற்சி கொடுத்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2021ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் வெள்ளி. 2024 பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம்! இடையில் கல்லூரிப் படிப்பையும் சேலத்திலேயே முடித்தார். இதில் கவனிக்க வேண்டியது, முதலில் பள்ளிக்கூடத்து ஆசிரியர், அப்புறம் கோச் என்ற வரிசை. முதல் ஆள் அந்தப் பள்ளியில் இல்லாமல் போயிருந்தால், அல்லது அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டிருந்தால், இரண்டாவது ஆளுக்கு அவரைத் தெரிந்தே இருக்காது.

சின்னப்பம்பட்டி நடராஜன் கதை வேறு விதம். அப்பா தறிப் பட்டறையில் வேலை. அம்மா ரோட்டோரக் கடை. இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான். ஊர் அண்ணன் ஜெயப்பிரகாஷ் சென்னைக்கு வழிகாட்டினார். அந்த நன்றிக்காகத்தான் 'ஜே.பி. நட்டு' என்ற பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு ஆடினார். 2015ல் ரஞ்சி டிராபியில் காலடி எடுத்து வைத்ததும், பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று புகார் வந்தது. முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக்கூடாது என்பது விதி. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமா அது? அத்தோடு முடிந்துபோன வீரர்கள் எத்தனையோ பேர். நடராஜனுக்குச் சென்னையில் பயிற்சியாளர்கள் கிடைத்தார்கள். கையை மாற்றிப் பழக்கினார்கள். திரும்பி வந்தார். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஒருநாள் போட்டி, டி20 இரண்டிலும் அறிமுகம். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். அதன் பிறகு சொந்த ஊரில் தானே ஒரு கிரிக்கெட் மைதானம் கட்டி 2023ல் திறந்தார்.

மூன்றாவதாக ஒருவரையும் சொல்ல வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டே 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பேட்மிண்டன் வெள்ளிப் பதக்கம் வாங்கிய துளசிமதி முருகேசன். காஞ்சிபுரத்துப் பெண். முதலில் பயிற்சி கொடுத்தவர் அவருடைய அப்பா. 'ஆடினா படிப்பு போயிரும்' என்று சொல்லும் பெற்றோர்களுக்கு இந்த ஒரு பெயர் போதும்.

கோச்சுக்கு மதிப்பு இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பெண்கள் கபடி இறுதியாட்டத்தில் இந்தியாவை ஈரான் தோற்கடித்தது. அந்த ஈரான் அணியின் கோச், நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்ற இந்தியப் பெண்மணி! நம்மிடம் உள்ள அறிவை நாம் மதிக்காவிட்டால், மதிக்கிறவர்கள் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

நிர்வாகமும் ஒரு படிப்புதான்

விளையாட்டு மேலாண்மை என்றதும் டை கட்டிய ஆட்கள் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் ஓஹையோ பல்கலைக்கழகம் 1966ல் இதை ஒரு மேற்படிப்பாகவே தொடங்கியது உண்மைதான். ஆனால் இதன் அரிச்சுவடி நம் ஊர்த் திருவிழாப் போட்டியிலேயே இருக்கிறது.

திருச்செங்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் கபடிப் போட்டி. 23 டீம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் எல்லோரோடும் மோத வேண்டுமென்றால் 253 ஆட்டம். ஒரு வாரம் ஆனாலும் முடியாது. தோற்றால் வெளியே என்று வைத்தால் 22 ஆட்டம். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போதும். ஆனால் 23 என்பது இரண்டிரண்டாகப் பிரியாதே! 32லிருந்து 23ஐக் கழித்தால் 9. ஆக 9 டீமுக்கு முதல் சுற்றில் 'பை' கொடுத்து, மீதி 14 டீமை மோதவிட்டால், அடுத்த சுற்றில் சரியாக 16 டீம் நிற்கும். யாருக்குப் 'பை' என்று சீட்டுக் குலுக்கிப் போடாவிட்டால் அடிதடிதான். இதற்கு மேல் ரெஃபரி, டியூப் லைட், ஜெனரேட்டர், குடிதண்ணீர், அடிபட்டவனுக்கு வண்டி, கோப்பைக்கு நன்கொடை, கடைசியில் கணக்கு ஒப்படைப்பு. இவை அத்தனையும் மேலாண்மைதான். நம் பையன்கள் இதைப் பழக்கத்தில் செய்கிறார்கள். படித்துச் செய்தால் வேலையாகும்.

இன்று வேலையும் இருக்கிறது. வாழப்பாடி அருகே 2020 பிப்ரவரியில் சேலம் கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டு, பெரிய போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன. ஒரு மைதானத்துக்குப் புல் வளர்ப்பவர் முதல் ஸ்கோர் எழுதுபவர், பிசியோ, டிக்கெட் நிர்வாகி வரை ஆள் வேண்டும். பதினொரு பேர் ஆடுவதற்குப் பின்னால் நூறு பேருக்குப் பிழைப்பு இருக்கிறது.

நாமக்கல்லில் 'பாடி பில்டிங்'

நாமக்கல்லில் பாடி பில்டிங் என்று யாராவது சொன்னால் லாரிக்குக் கூடு கட்டுவது என்றுதான் அர்த்தம்! வெளியூர்ப் பையன் ஒருவன் 'பாடி பில்டிங்' போர்டைப் பார்த்து ஜிம் என்று உள்ளே போய்விட்டான் என்று ஒரு ஜோக் உண்டு. இன்றோ உண்மையான ஜிம்மும் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஒரு கவலை.

அமெரிக்க விமானப் படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968ல் 'ஏரோபிக்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்பதை வைத்து ஒருவரின் இதய – நுரையீரல் சக்தியை மதிப்பிடலாம் என்று காட்டினார். ஃபிட்னஸ் என்பது புஜத்தின் சுற்றளவு மட்டுமல்ல என்று உலகத்துக்குப் புரிய வைத்தவர் அவர். நம் பக்கத்து ஜிம்களில் இதைத் தெரிந்த பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று கற்றுக்கொண்டது மட்டுமே தகுதியாக உள்ளவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை நோயுள்ள ஐம்பது வயதுக்காரருக்கும், பட்டாள செலக்‌ஷனுக்குப் போகும் பையனுக்கும் ஒரே எடை, ஒரே பயிற்சி கொடுப்பது ஆபத்து. ஊக்க மருந்து ஊசி அதைவிட ஆபத்து. ஊக்க மருந்தைத் தடுக்க 1999ல் உலக அமைப்பும், 2005ல் தேசிய அமைப்பும், 2022ல் தனிச் சட்டமும் வந்திருக்கின்றன. ஆனால் ஜிம்முக்கு வரும் சாதாரணப் பையனை யாரும் சோதிக்கப் போவதில்லை. அவனுக்குப் படித்த பயிற்சியாளர்தான் காவல்.

நாட்டுக்கே முட்டை அனுப்பும் ஊர் நாமக்கல். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். டப்பா பவுடருக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் முன் நம் ஊர் முட்டையையும் நிலக்கடலையையும் பாசிப்பயறையும் நினைத்துப் பாருங்கள் தம்பிகளே.

மாணவர்களுக்கும், நமக்கும்

இப்போது அந்த அப்பாவுக்குப் பதில். ஐயா, உங்கள் பையன் ஒலிம்பிக் போவான் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆயிரத்தில் ஒருவன்கூடப் போகமாட்டான். ஆனால் இது உண்மையான படிப்பு. ஆசிரியராகலாம், கோச்சாகலாம், ஜிம் நடத்தலாம், நடுவராகலாம், மைதானம் நிர்வகிக்கலாம். அரசு வேலை மட்டும்தான் வேலை என்றால் வரிசை ரொம்ப நீளம். அதையும் மறைக்கக் கூடாது. விளையாட்டோடு ஒரு பட்டமும், கம்ப்யூட்டரும், நாலு பேரிடம் பேசத் தெரிவதும் சேர்ந்தால்தான் நிற்க முடியும். நம் கல்லூரி மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஆடும் காலம் பத்து வருடம். அதற்குப் பிறகு நாற்பது வருடம் வாழ வேண்டும்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் முதலில் பி.டி. பீரியடு போனது. பிறகு கிரவுண்டில் பாதி கட்டிடமாகப் போனது. எதிர்த்துப் பேச ஆள் இல்லை. உங்களில் பலர் இன்று பள்ளி நிர்வாகத்திலும், ஊராட்சியிலும், தொழிலிலும் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது மூன்று. உங்கள் ஊர்ப் பள்ளியில் பி.டி. பீரியடு நடக்கிறதா என்று ஒரு தரம் போய்ப் பாருங்கள். நம் கல்லூரி மைதானத்துக்கு ஒரு நல்ல ஹைஜம்ப் மெத்தை வாங்கிக் கொடுங்கள். பஸ் காசில்லாமல் பாதியில் நிற்கிற விளையாட்டு மாணவர்களுக்காக, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்காக, சங்கத்தின் சார்பில் ஒரு சிறு நிதி தொடங்குங்கள். முதல் தவணையாக என் ஒரு மாத ஓய்வூதியத்தைச் சங்கப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்.

ரீயூனியன் அன்று சாப்பாட்டுக்கு முன்னால் மைதானத்தை ஒரு சுற்று நடந்து வரலாம் என்று இருக்கிறேன். வருகிறவர்கள் ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.